துணைக்கு இருந்தவர்

அந்தக் கிறிஸ்தவச் சபையில் அவரை நேரில் செயலாளர் என்றும், முதுகுக்குப் பின்னால் 'ஆகட்டும்' என்றும் சொல்வார்கள். கேலி இல்லை, பிரியம்தான். யார் என்ன கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருகிற சொல் அது. கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போட ஆள் வேண்டுமா, ஆகட்டும். புதிதாகக் குடிவந்த குடும்பத்தைப் போய்ப் பார்க்க வேண்டுமா, ஆகட்டும். அவருக்குப் பெயிண்ட் கடையில் வேலை. பழைய சுவரிலிருந்து வாடிக்கையாளர்கள் பெயர்த்துக்கொண்டு வருகிற துணுக்கைப் பார்த்து அதே நிறத்தை மெஷினில் கலந்து கொடுக்க வேண்டும். 'நாளைக்குக் காலைல டப்பா ரெடியா இருக்கும்' என்பார். பாதி நாள் இருக்கும், பாதி நாள் இருக்காது. ஆனாலும் அந்தச் சிரித்த முகத்தோடு யாருக்கும் சண்டை போட மனசு வந்ததில்லை.

அவருக்கு ஒரு தம்பி உண்டு. ஃபிரிட்ஜ் மெக்கானிக். அண்ணன் கிழக்கு என்றால் இவன் மேற்கு. எதைக் கேட்டாலும் முகத்தில் அடித்தாற்போல 'முடியாது' என்பான். கோயில் வாசலை மிதிப்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான்.

கோயிலில் மணியடித்து, பெருக்கித் துடைத்து, பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். மணிக்காரர் என்று பெயர். கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஈ காக்கை கிடையாது. அவருக்குக் குடலிறக்கம். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்த ஆஸ்பத்திரிக்காரர்கள், மூன்று நாள் துணைக்கு ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் இதை அறிவித்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் செயலாளரின் கை உயர்ந்துவிட்டது.

"நான் இருக்கேன் ஐயா. மூணு நாளும் நானே இருக்கேன். கடையில லீவு சொல்லிடறேன்."

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை செயலாளருக்கு வெல்லக்கட்டி மாதிரி. வீடு போய்ச் சேருகிறவரை நாக்கில் கரைந்துகொண்டே இருந்தது.

அன்று மாலையே போதகர் அவரை அழைத்துக்கொண்டு மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனார். பட்டறை ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளித்தான். அண்ணன் சாப்பிட்டு வருகிற நேரத்துக்கு மட்டும் தம்பி வந்து உட்கார முடியுமா என்று கேட்டார். கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டிருந்தவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"முடியாதுங்க. வேலை தலைக்கு மேல கிடக்கு. ஆளை விடுங்க."

திரும்பி வரும் வழியில் செயலாளர் தம்பிக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவன் சுபாவமே அப்படி என்றும், மனசில் ஈரம் கம்மி என்றும், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். திங்கட்கிழமை போதகர் ஒரு வாரக் கூட்டத்துக்காக வெளியூர் கிளம்பினார். அன்று சாயங்காலம் செயலாளர் மணிக்காரரின் அறைக்குப் போய் அவரோடு முழங்காலில் நின்று உருக்கமாக ஜெபித்தார். காலையில் ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை எழுந்தபோது தொண்டை லேசாகக் கரகரத்தது. சளியோடு நோயாளி பக்கத்தில் போகலாமா, பெரியவருக்கு ஒட்டிக்கொண்டால் என்ன ஆவது என்று யோசித்தார். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எட்டு மணிக்குக் கிளம்பும்போது "இன்னும் போகலையா?" என்று கேட்டாள். ஆபரேஷன் பத்து மணிக்குத்தான், அதற்குள் போய்விடுவேன் என்றார். பத்து மணி ஆனபோது, இந்நேரம் உள்ளே கொண்டுபோயிருப்பார்கள், சுவரைப் பார்த்து உட்கார்ந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றியது. பன்னிரண்டுக்கு, மயக்கத்தில்தானே கிடப்பார் என்று தோன்றியது. சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சாய்ந்தவர் கண் விழித்தபோது மணி நாலு. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்ததால் சமையலறைக் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினார். ஆறு மணிக்கு மனைவி வந்து குடையை மடக்கினாள். குழாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இப்ப தூங்கிட்டிருப்பார்," என்றார் அவர். "நாளைக்கு விடிஞ்சதும் போயிடறேன்."

புதன்கிழமை இன்னும் கஷ்டமாகிவிட்டது. நேற்று ஏன் வரவில்லை என்று பெரியவர் கேட்டால் என்ன சொல்வது? காய்ச்சல் என்று சொல்லலாம். ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்பார். போன் கெட்டுப்போயிருந்தது என்று சொல்லலாம். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய் தேவைப்பட்டது. வெறுங்கையோடு போகக் கூடாது என்று கடைக்குப் போய் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். பழம் மேஜைமேல் இருந்தது, அவர் நாற்காலியில் இருந்தார். அன்று மாலை மனைவி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

வியாழக்கிழமை ஒருவழியாகக் கிளம்பினார். மூன்றாவது மாடியில் ஆண்கள் வார்டு. வாசலில் நின்று உள்ளே பார்த்தார். நான்காவது கட்டிலில் மணிக்காரர் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தார். அவர் முதுகை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையில் மூத்திரக் குப்பியோடு நின்றவன் மெக்கானிக். மூன்று நாள் தாடி. சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருந்தான். அவன் ஏதோ சொல்ல, மணிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் பிரிந்துவிடும் சிரிக்க வைக்காதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

செயலாளர் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். பிறகு இன்னொரு காலை. மூன்று மாடியும் படியிலேயே இறங்கினார். பழப்பையைக் கீழே பார்வையாளர் பெஞ்சில் வைத்துவிட்டு, யாரோ மறந்துவிட்டுப் போனது மாதிரி, திரும்பிப் பாராமல் நடந்தார். அதுதான் ஒருத்தன் இருக்கிறானே என்று பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் திரும்பிவிட்டார். மணிக்காரர் தேறி அறைக்கு வந்துவிட்டார் என்று அறிவித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நான் புதன்கிழமை பெரியவருக்குப் போன் பண்ணி, துணைக்கு யார் இருக்காங்கன்னு கேட்டேன். 'நம்ம தம்பி இருக்கார், என்னை விட்டு ஒரு நிமிஷம் நகரலை'ன்னார். குரலே உடைஞ்சுபோச்சு அவருக்கு. சொல்றவங்க நிறைய பேர் இருக்கோம். சொன்னபடி செய்யற ஒரு மனுஷர் நம்ம நடுவுல இருக்கார்."

மணிக்காரருக்குத் தன்னைவிட இளைய ஆண்பிள்ளை எல்லாரும் தம்பிதான். அவர் சொன்ன தம்பி யார் என்று போதகருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அத்தனை தலைகளும் செயலாளர் பக்கம் திரும்பின. பின்வரிசையிலிருந்து யாரோ அவர் தோளைத் தட்டினார்கள். 'அது என் தம்பிங்க.' மூன்று சொல். எழுந்து நின்று சொன்னால் முடிந்தது. அவர் வாயைத் திறக்கவும் திறந்தார்.

"எல்லா மகிமையும் கர்த்தருக்கே," என்று வந்தது.

வீட்டில் மனைவி தட்டு வைத்துப் பரிமாறினாள். எதிரில் உட்கார்ந்தாள். தான் சாப்பிடவில்லை.

"கர்த்தர் பேரை ஏங்க இதுல இழுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சோற்றைப் பாதியில் விட்டார். எழுந்து கை கழுவினார். ஆனால் அப்போதும் அவருக்கு முதலில் தோன்றியது மன்னிப்புக் கேட்பது அல்ல, தம்பி வாயைத் திறந்துவிடுவானோ என்பதுதான். திங்கட்கிழமை கடை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனார். மெக்கானிக் ஒரு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன விஷயம்?"

"சும்மாத்தான்."

"நீ சும்மா வர்ற ஆள் இல்லையே அண்ணே."

செயலாளர் மெள்ள இழுத்தார். "இல்ல, அந்த ஆஸ்பத்திரி விஷயம். யார்கிட்டயாவது சொன்னியா?"

ஸ்பேனர் நின்றது. "எதை? நான் இருந்ததையா, நீ இல்லாததையா?"

தம்பி கையைத் துடைத்துக்கொண்டான். குரலை உயர்த்தாமல்தான் பேசினான். முடியாது என்று சொன்னது அவனுக்கே உறுத்திக்கொண்டிருந்ததாம். செவ்வாய் மத்தியானம் ஒரு பொட்டலம் சாப்பாடு வாங்கிக்கொண்டு போனானாம். மணிக்காரருக்கு இல்லை.

"உனக்குத்தான் வாங்கிட்டுப் போனேன். நீ காலைலேர்ந்து பட்டினியா உக்காந்திருப்பேன்னு நினைச்சேன். பார்த்தா அந்த மனுஷன் வாய் காஞ்சு தனியாக் கிடக்கார். கையெழுத்துப் போட ஆள் இல்லைன்னு ஆபரேஷனையே ஒரு மணி நேரம் தள்ளி வெச்சிருக்காங்க. கடைசியில பக்கத்துக் கட்டில்காரரோட மருமகன் போட்டிருக்கார். முன்னப்பின்ன தெரியாதவர். 'செயலாளர் தம்பி வந்துட்டே இருப்பார்'ங்கறார் பெரியவர். சரி, நீ வர்ற வரைக்கும் இருப்போம்னு உக்காந்தேன். அவ்வளவுதான். நீ வரலை."

"வியாழக்கிழமை வந்தேன்டா," என்றார் செயலாளர். சொன்ன பிறகுதான், ஏன் சொன்னோம் என்றிருந்தது.

"தெரியும். வாசல்ல நின்ன. நான் கூப்பிட வாயெடுத்தேன். பெரியவர்தான் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'வேணாம், சங்கடப்படுவார்'னார்." ஸ்பேனரை மறுபடி எடுத்துக்கொண்டான். "நான் யார்கிட்டயும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். நீ பயப்படாம போ."

பயப்படாமல் போ என்று தம்பி சொன்னது அவரை அடித்துப் போட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் தெருவில் இறங்கினார்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம். அந்த வாரம் ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர் வீட்டில். முன்னறையில் நாற்காலியும் ஸ்டூலுமாக, போதகரோடு சேர்த்துப் பதினோரு பேர். மத்தேயு சுவிசேஷத்தை வாரம் ஒரு பகுதியாக வாசித்து விளக்குவது அவர்கள் வழக்கம். விளக்குவது பெரும்பாலும் செயலாளர்தான். அன்றைக்கு முறைப்படி வந்தது, இயேசு சொன்ன இரண்டு மகன்களின் உவமை. தகப்பன் இருவரையும் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகச் சொல்கிறான். ஒருவன் மாட்டேன் என்கிறான். பிறகு மனம் வருந்திப் போகிறான். இன்னொருவன் போகிறேன் ஐயா என்கிறான், போகவில்லை. இவர்களில் தகப்பன் விருப்பத்தைச் செய்தவன் யார் என்று இயேசு கேட்கிறார்.

இந்தப் பகுதியைச் செயலாளர் முன்பு இரண்டு தடவை விளக்கியிருக்கிறார். மாட்டேன் என்று சொன்ன மகனைப் பற்றியே பேசி, அவனைப் போன்ற கடின இதயங்களுக்காகக் கண்ணை மூடி ஜெபித்து முடிப்பார். யாரை நினைத்து ஜெபிக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். போகிறேன் என்று சொன்னவன் பக்கம் அவர் பார்வை போனதே இல்லை. அன்று வேதப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போறேன்னு சொல்லிட்டுப் போகாத மகன் யாருன்னு நினைக்கறீங்க?" என்று ஆரம்பித்தார். "அது நான்தான். வேற யாரும் இல்லை. வாயால தோட்டத்துக்குப் போயிட்டு வீட்ல உக்காந்திருக்கறவன் நான்."

"ஆமென்," என்றார் போதகர் உருகி.

போஸ்ட்மாஸ்டரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் விழித்தவரே இப்படித் தன்னைத் தாழ்த்திக்கொண்டால் நாமெல்லாம் எந்த மூலைக்கு என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். போதகர் அதையே பிடித்துக்கொண்டு, பிரசங்கி தன்னையே முதலில் உவமைக்குள் நிறுத்திக்கொள்வதுதான் சரியான முறை என்று எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார்.

செயலாளருக்குக் காது சூடாகிவிட்டது. குப்புற விழுந்தவன் முதுகில் மாலை போட்ட மாதிரி இருந்தது. இப்படியே விட்டுவிடலாம் என்றும் ஒரு நொடி தோன்றியது. ஒப்புக்கொண்டது போலவும் ஆயிற்று, பெயரும் கெடவில்லை. அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைக் கண்டு அவருக்கே அருவருப்பாக இருந்தது. எழுந்து நின்றார்.

"ஐயா, நான் உவமை சொல்லலை. நான் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. செவ்வாய்க்கிழமை வீட்ல படுத்துத் தூங்கினேன். குழாய் ரிப்பேர் பண்ணேன். புதன்கிழமையும் போகலை. வியாழக்கிழமை வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு ஓடி வந்துட்டேன். மூணு நாளும் இருந்தது என் தம்பி, மெக்கானிக். பெரியவர் உங்ககிட்ட சொன்ன தம்பி அவன்தான். ஞாயித்துக்கிழமை நீங்க என்னைப் புகழ்ந்தப்போ எனக்கு இது தெரியும். தெரிஞ்சுதான் வாங்கிக்கிட்டேன்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. போஸ்ட்மாஸ்டரின் மகள் டீத் தட்டோடு உள்ளேயிருந்து வந்தவள், யாருக்கு முதலில் நீட்டுவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு, ஜெபித்து முடித்துக்கொள்வோம் என்றார். இரண்டே வரி ஜெபம். எப்போதும் கூட்டம் முடிந்தால் செயலாளரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அன்று அவர் வாசலுக்குப் போக வழி தானாகவே விலகியது. போஸ்ட்மாஸ்டர் மட்டும், வானம் மூட்டமாக இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்றார்.

தெருமுனை திரும்பியபோது மனைவி நின்றுவிட்டாள்.

"வேற யார் செருப்பையோ போட்டுட்டு வந்துட்டீங்க."

குனிந்து பார்த்தார். ஒரு விரற்கடை பெரிதாக, வார் அறுந்து தைத்த செருப்பு. திரும்பிப் போகாமல் வேறு வழியில்லை. போஸ்ட்மாஸ்டர் வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே எல்லாரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் நிழல் வாசலில் விழுந்ததும் பேச்சு பட்டென்று நின்றது. அத்தனை பேர் பார்க்கக் குனிந்து, கால் மாற்றி, தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். அறையில் நின்று பேசியதைவிட அந்த அரை நிமிஷம் அவருக்கு நீளமாக இருந்தது.

மறுநாள் காலையில் போதகர் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. கொஞ்ச நாளைக்குச் சபைப் பதிவேட்டை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். சரிங்க ஐயா என்றார் செயலாளர். கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கோயிலின் பின்பக்கம் போனார்.

மணிக்காரரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. ஒரு கட்டில், ஒரு பெட்டி, சுவரில் ஆணியில் மாட்டிய கோயில் சாவிக் கொத்து. அவர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போட்டுக்கொண்டிருந்தார். செயலாளரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க பெரியவரே," என்று சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். வழியெல்லாம் கோத்துவைத்த வார்த்தை ஒன்றும் உதவிக்கு வரவில்லை. "மன்னிச்சிடுங்க" என்பது மட்டும் வந்தது.

மணிக்காரர் பொத்தானை விட்டுவிட்டார்.

"அன்னிக்கு வாசல்ல எட்டு மணி வரைக்கும் நின்னேன் தம்பி. நீங்க வராம இருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதனால வழியில வண்டி கிண்டி மோதிடுச்சோன்னு பயந்துட்டேன். ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்பகூட நர்ஸம்மாகிட்ட, கீழே அடிபட்டவங்க வார்டுல யாராவது வந்திருக்காங்களா பாருங்கம்மான்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

செயலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வருத்தமாத்தான் இருந்தது," என்றார் மணிக்காரர். "இல்லைன்னு சொன்னா பொய். மன்னிச்சுட்டேன்னு சொல்லத்தான் போறேன். எனக்கும் வேற வழி இல்லை, தினமும் அதைத்தானே சொல்லி ஜெபிக்கறேன். ஆனா இப்பவே வாயால சொல்லிட்டா அதுவும் பொய்யாப் போயிடும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

செயலாளர் தலையை மட்டும் ஆட்டினார்.

வாசலில் பைக் நின்றது. மெக்கானிக் உள்ளே வந்தான். மணிக்காரருக்குத் தையல் போட்ட இடத்தில் ஒரு முனை சீழ் வைத்திருந்தது. ஒன்றுவிட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும், கூட்டிப்போகிறவன் அவன்தான். அண்ணனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். எதுவும் கேட்கவில்லை. நேற்று நடந்தது அவன் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"ஒரு ஹோட்டல்ல கூலர் நின்னுபோச்சு, இப்பவே வரச் சொல்றாங்க," என்றான் பொதுவாக. பிறகு அண்ணனிடம், "நீ கூட்டிட்டுப் போறியா?" என்றான்.

மணிக்காரர் முகத்தில் ஒரு தயக்கம் வந்ததைச் செயலாளர் பார்த்தார். அது நியாயமான தயக்கம் என்று அவருக்குத் தெரிந்தது. பெரியவர் மெக்கானிக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "பஸ்ல ஏறினா போதும், மெள்ளப் போயிடலாம்," என்றார்.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றுகிற இடம் தரைத்தளத்தின் கோடியில் இருந்தது. முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். நர்ஸ் மணிக்காரரைப் படுக்க வைத்துவிட்டு, கூட வந்தவர் யார், இப்படி வந்து வேட்டியை ஒதுக்கிப் பிடியுங்கள் என்றாள். செயலாளர் பிடித்தார். பழைய கட்டைப் பிரித்ததும் வாடை வந்தது. அவர் தன்னை அறியாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தப் பக்கம் பார்த்தா எப்படிங்க, கை நழுவுது பாருங்க," என்றாள் நர்ஸ்.

அவர் முகத்தைத் திருப்பிக் காயத்தைப் பார்த்தார். சிவந்து வீங்கி, ஓரத்தில் மஞ்சளாக, ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. மருந்து பட்டதும் மணிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, எட்டின கையைப் பிடித்தார். எட்டினது செயலாளரின் மணிக்கட்டு. நகம் பதிய இறுக்கினார். நர்ஸ் அவசரமில்லாமல் துடைத்தாள், மருந்து வைத்தாள், புதுத் துணி போட்டு ஒட்டினாள்.

"நாளை மறுநாள் ஒன்பது மணிக்கு வந்துடுங்க," என்று சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள், "யார் கூட்டிட்டு வருவீங்க?"

மணிக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். செயலாளர் அவர் காலடியில் குனிந்து செருப்பை நேராக வைத்தார். பிறகு நர்ஸின் கையிலிருந்து சீட்டை வாங்கி, தேதியையும் நேரத்தையும் ஒரு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.